பதினாலாம் எண் அழைப்பு

அவள் வந்து இறங்கியபோது காலை ஒன்பதரை மணி. மழை வானத்தில் விட்டுவிட்டது, அந்தக் கட்டடத்தில் மட்டும் இன்னும் விடவில்லை. குழாய்களிலிருந்தும் ஜன்னல் விளிம்புகளிலிருந்தும் சுவர் விரிசல்களிலிருந்தும் சொட்டிக்கொண்டே இருந்தது. லேப்டாப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வாசலைக் கடந்தாள். பட்டப்பகல்தான், ஆனால் உள்ளே எல்லா விளக்கும் எரிந்தன.

நெடுநாள் நோயாளிகளுக்கான பழைய ஆஸ்பத்திரி அது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைகழுவி அனுப்பியவர்கள், ஒரே நீண்ட நடையின் இரண்டு பக்கமும் அறைக்கு ஒருவராகப் படுத்திருந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு அறை. ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு பொத்தான். அழுத்தினால் நர்ஸுகளின் மேசையிலுள்ள திரையில் படுக்கை எண் சிவப்பாக வரும், மணி அடிக்கும். நர்ஸ் எழுந்து அந்த அறைக்கே போய், சுவரிலிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் சிவப்பு போகும். மேசையில் உட்கார்ந்தபடியே அணைத்துக்கொள்ள வசதி செய்து தாருங்கள் என்று எத்தனையோ ஆஸ்பத்திரிகள் கெஞ்சிப் பார்த்தன. இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த அவளுடைய கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. போகாமலே போனதாகச் சொல்லிவிடுவார்கள் என்பது காரணம்.

அந்தத் திரையை ஓட்டும் ஆப் நேற்று மதியத்திலிருந்து ஓடவில்லை. தொடங்கினால் உடனே நின்றுவிடுகிறது.

அலுவலகத்தில் அவளுக்கு ரீஸ்டார்ட் அக்கா என்று பெயர். யார் என்ன குறை சொன்னாலும் ‘ஒருதடவை நிறுத்திட்டுத் திரும்பத் தொடங்கிப் பாருங்க’ என்பாள். பத்தில் எட்டு சரியாகிவிடும். மீதி இரண்டுக்கு அவளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பதினாறு வருடமாக அந்த இரண்டுக்காக அலைந்ததில் நாற்பத்திரண்டு வயதுக்கு அறுபது வயதுக் களைப்பு வந்திருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடப்பாள். ஆனால் நாற்பத்து மூன்று நாளாக அவளுக்குப் பஸ்ஸிலும் தூக்கம் வரவில்லை, வீட்டிலும் வரவில்லை.

நடையில் கால் வைத்ததுமே அந்தச் சத்தம் கேட்டது. டம்ளரில் ஸ்பூனால் தட்டுகிற சத்தம். ஒரு அறையிலிருந்து நிதானமாக, இன்னொரு அறையிலிருந்து பொறுமையில்லாமல்.

பெரிய சிஸ்டர் எதிரே வந்தார். வார்டுக்குத் தலைவி. கால்கள் வீங்கி, ஷூவுக்குள் நுழையாமல், ரப்பர் செருப்போடு நடந்துகொண்டிருந்தார்.

“எல்லார் கையிலயும் ஒரு டம்ளரும் ஸ்பூனும் குடுத்து வச்சிருக்கேன் மேடம். தட்ட முடிஞ்சவங்க தட்டுறாங்க. முடியாதவங்களுக்காக நாங்கதான் நடந்துகிட்டே இருக்கணும்” என்றார்.

நடப்பதற்கு இரண்டே பேர்தான் இருந்தார்கள். மூன்றாமவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அவளை எல்லோரும் சின்ன சிஸ்டர் என்பார்கள். பதினாலாம் படுக்கைக்காரர் மூச்சு முட்டிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார், சின்ன சிஸ்டர் இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் போயிருக்கிறாள், போனபோது உயிர் இல்லை. அவர் கைக்குள் இறுகிப்போயிருந்த பொத்தானை எடுக்க ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம். மணி அடிக்கவே இல்லை என்கிறாள் சின்ன சிஸ்டர். திரையின் பதிவோ இரண்டு மூன்றுக்கு அழைப்பு என்று பளிச்சென்று காட்டுகிறது, அறைக்குள் போனது இரண்டு இருபத்தெட்டுக்கு என்று நோயாளியின் சீட்டில் அவளே எழுதியிருக்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. தப்பு அவள்மீது என்று முடிவானால் அவளுடைய நர்ஸ் பதிவையே ரத்துசெய்துவிடுவார்கள், பிறகு எங்கேயும் நர்ஸாக நிற்க முடியாது.

பெரிய சிஸ்டர் இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னார். கடைசியில் படியருகே நின்று, குரலைத் தாழ்த்தினார்.

“தினம் ஃபோன் பண்றா மேடம். அக்கா, பெல் அடிச்சுதா, எனக்குத்தான் கேக்கலையான்னு கேக்குறா. போன வாரம் போய்க் காது டெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்கா. காதுல ஒரு குறையும் இல்லையாம்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் படி இறங்கினாள்.

சர்வர் இருந்தது கீழ்த்தளத்தில், ஒரு காலத்தில் அழுக்குத் துணிகளைக் குவித்துவைத்த அறையில். துணிகள் போய் எத்தனையோ வருடமாயிற்று, வாசனை மட்டும் போகவில்லை. பினாயில், ஈரம், மனித உடம்பு. மேலே ஒரு குழல்விளக்கு, ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் உட்கார்ந்து, மற்றதைப் பின்னால் தள்ளிவிட்டாள். அது தரையில் உராய்ந்து சுவரோரம் போய் நின்றது.

அந்த ஆப் ஓடுவது ஒரு கன்டெய்னருக்குள். பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். ஒரு ஆப்பையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் சேர்த்துக் கட்டிய மூட்டை, அவ்வளவுதான். மூட்டைக்குள் முக்கியமாக ஒரு வேலை ஓடும். அது ஓடுகிறவரை மூட்டை நிற்கும், அது முடிந்தால் மூட்டையும் விழுந்துவிடும். விழும்போது ஏன் விழுந்தது என்பதற்கு ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். மெமரி போதாமல் செத்தால் ஓர் எண், உள்ளே பிழை என்றால் வேறோர் எண். பூஜ்யம் என்றால் பிழையே இல்லை, நிறுத்தச் சொன்னார்கள், ஒழுங்காக நின்றேன் என்று அர்த்தம்.

தொடங்கினாள். பச்சை எழுத்தில் ‘ஓடுகிறது’ என்று வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனதுக்குள் எண்ணினாள்.

நின்றது. பூஜ்யம்.

இன்னொருமுறை தொடங்கினாள். நான்கு வினாடி. பூஜ்யம்.

டிஸ்க்கில் இடம் இருந்தது. மெமரி தாராளமாக இருந்தது. டேட்டாபேஸ் பதில் சொன்னது. அமைப்புக் கோப்பில் காற்புள்ளி முதற்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. பழைய மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினாள். அதுவும் நான்கு வினாடிதான் ஓடியது. மேலே ஸ்பூன்கள் தட்டிக்கொண்டே இருந்தன. கீழ்த்தளத்தில் அந்தச் சத்தம் சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

அப்புறம்தான் லாகைத் திறந்தாள், ஆப் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்பேடு அது. முதலில் செய்ய வேண்டிய வேலை அது. பதினாறு வருட அனுபவக்காரி ஏன் அதைக் கடைசிக்கு வைத்தாள் என்று கேட்டால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

மூன்றே வரி.

தொடங்கினேன்.

முடிக்கப்படாத அழைப்பு ஒன்று. படுக்கை பதினாலு.

நிறுத்த உத்தரவு வந்தது. நிறுத்துகிறேன்.

மூன்றாம் வரியின் ஓரத்தில் உத்தரவு கொடுத்தவரின் பெயர் இருந்தது. அது அவளுடைய பெயர். பக்கத்தில் நேரம்: மதியம் ஒன்று ஐம்பது.

இப்போது மணி பத்தே முக்கால்.

தேதியைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று நாளைக்கு முந்தைய தேதி.

அந்த வரியை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். அதைத் தன் கையாலேயே அழித்தும் இருக்கிறாள்.

நடந்தது இதுதான். வேறொரு ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு கண் விழித்துவிட்டு அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். இங்கே ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. ஆப்பை நிறுத்து, அரை நிமிடம் பொறு, தொடங்கு. நிறுத்துவதற்கு முன்னால் வார்டுக்கு ஃபோன் செய்து சொல்ல வேண்டும், சொன்னால் ஒரு நர்ஸ் அதுவரை நடையில் நடந்துகொண்டிருப்பாள். அதுதான் முறை. ஆனால் அந்த வார்டில் ஃபோனை எடுப்பதற்குள் பன்னிரண்டு தடவை மணி அடித்துவிடும், எடுத்தவர் பெரிய சிஸ்டரைக் கூப்பிடப் போவார், அதற்குள் வேலையே முடிந்துவிடும். அரை நிமிடத்துக்கு எதற்கு இத்தனை ஆரவாரம் என்று ஃபோன் செய்யாமலே நிறுத்தினாள். அந்த அரை நிமிடத்தில் மேசைமேல் தலை சாய்ந்து தூங்கிப்போனாள்.

முப்பத்தேழு நிமிடம் தூங்கினாள். அத்தனை நேரமும் மேலே திரை எந்த எண்ணும் இல்லாமல் அப்படியே உறைந்து கிடந்தது, யாரும் கூப்பிடாத மாதிரி. படுக்கையிலிருக்கும் பொத்தான் தன் அழைப்பை மறக்காது. அது காத்திருந்து, இரண்டு இருபத்தேழுக்கு அவள் பதறி எழுந்து ஆப்பைத் தொடங்கியதும், அழுத்திய நேரத்தோடு அழைப்பைக் கொடுத்தது. மணி அடித்தது. சின்ன சிஸ்டர் ஒரே நிமிடத்தில் ஓடிப் போயிருக்கிறாள்.

மறுநாள் பதினாலாம் படுக்கைக்காரர் இறந்த செய்தி வந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாகில் நிறுத்திய வரி, தொடங்கிய வரி இரண்டையும் அழித்தாள். கம்பெனி அறிக்கை கேட்டது. ‘அன்றைய தினம் ஆப் இடைவெளியில்லாமல் இயங்கியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்போது யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, தான் தப்பித்தால் போதும் என்றுதான் நினைத்தாள். சின்ன சிஸ்டரை நிறுத்திவைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது, இனிச் சொல்லி என்ன என்று விட்டுவிட்டாள்.

இறந்தவரை எடுத்துப் போன அமளியில் அந்த அறையின் பச்சைப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. அறையைப் பூட்டிவிட்டார்கள். திரையில் பதினாலு மட்டும் சிவப்பாக நின்றுகொண்டே இருந்தது. பார்க்கவே பயமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று பெரிய சிஸ்டர் நேற்று கேட்டார். அறையைத் திறக்காமலே அவள் அலுவலகத்திலிருந்து படுக்கைப் பட்டியலில் பதினாலையே நீக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்த நிமிடத்திலிருந்துதான் ஆப் ஓட மறுத்தது.

யாரோ தன் பெயரில் புகுந்து விளையாடுகிறார்கள் என்று இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாஸ்வேர்டை மாற்றினாள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். வெளியிலிருந்து ஒரு எறும்புகூட இனி உள்ளே வர முடியாது.

தொடங்கினாள். நான்கு வினாடி.

நிறுத்த உத்தரவு வந்தது. அதே பெயர். அதே ஒன்று ஐம்பது.

இந்தத் தொழிலில் இதற்கென்று ஒரு பழைய உபாயம் உண்டு. விழுந்துகொண்டே இருக்கிற மூட்டைக்கு அதன் வேலையைக் கொடுக்காமல், ‘சும்மா தூங்கிக்கொண்டிரு’ என்று ஒரு வேலையைக் கொடுப்பார்கள். தூங்குவது முடியாத வேலை, அதனால் மூட்டை விழாது. அது விழாமல் இருக்கும்போது உள்ளே நுழைந்து, கோளாறு எங்கே என்று நிதானமாகப் பார்க்கலாம். அப்படியே செய்தாள். மூட்டை விழவில்லை. ஐந்து வினாடி, பத்து, இருபது.

உள்ளே நுழைந்து, என்னென்ன வேலை ஓடுகிறது என்று கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும், அந்தத் தூக்கம்.

இரண்டு வந்தன.

இரண்டாவதற்குப் பெயர் இல்லை. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது மட்டும் இருந்தது. அந்த மூட்டை பிறந்து இருபது வினாடிதான் ஆகியிருந்தது.

நாற்பத்து மூன்று நாள் என்றிருந்தது.

அதை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தாள். போகவில்லை. மறுபடியும் அடித்தாள்.

அப்போதுதான் பின்னால் அந்த மூச்சு கேட்டது.

இழுத்து விடுகிற மூச்சு. விட்டு முடிக்கும்போது நுனியில் ஒரு மெல்லிய விசில்.

அந்த விசிலை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் பொத்தான்களைப் பொருத்த வந்தபோது பதினாலாம் அறையில் கேட்டது. அந்த அறைக்காரர் நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். நுரையீரல் போய்விட்டதால் படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருப்பார். ‘படுத்தா எனக்குத் தூக்கம் வராதும்மா, ஒரு ஸ்டியரிங் மட்டும் குடுக்கச் சொல்லு’ என்று சிரித்தார். பொத்தானை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தார். சின்ன சிஸ்டர் ஓடி வந்தாள், சும்மாத்தான் கூப்பிட்டேன் என்றதும் இடுப்பில் கை வைத்து அவரை முறைத்தாள். அன்று மூவரும் சிரித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பினாயில் வாசனையின் நடுவே டீசலும் ஈரத் தார்ப்பாயும் மணத்தன.

பின்னால் நாற்காலி உராய்ந்தது.

ஒரு அடி.

இன்னும் ஒரு அடி.

கடைசியில் எப்படியோ கழுத்தைத் திருப்பினாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் சுவரோரம் இல்லை. அவளுடைய நாற்காலியை ஒட்டி, திரையைச் சேர்ந்து படிக்க வந்தவர் உட்காரும் தூரத்தில் இருந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் தூங்காதவளிடம் இன்னும் என்னதான் பிடுங்குவது என்று இருந்தது. அந்த ஆத்திரத்தில் மோசமான காரியம் ஒன்றைச் செய்தாள். டேட்டாபேஸுக்குள் போய்ப் பதினாலாம் எண் அழைப்பையே அழித்தாள். அது போனால் ஆப் ஓடும், சாட்சியும் போகும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அழித்துவிட்டுப் பார்த்தாள். அழைப்புகள் பூஜ்யம் என்று காட்டியது. ஆப்பைத் தொடங்கினாள்.

முடிக்கப்படாத அழைப்பு ஒன்று. படுக்கை பதினாலு.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. எத்தனை தடவை அழித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. காதுக்கருகே மூச்சு அவசரமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. நீண்ட சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவருக்குப் பொறுமைக்கா பஞ்சம்.

மேலே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. பிறகு படியில் ரப்பர் செருப்பு.

ஆறாம் படுக்கையில் இருக்கும் பெண்மணிக்குக் கை வராது, அதனால் டம்ளர் தட்ட முடியாது என்று மூச்சு வாங்கச் சொன்னார் பெரிய சிஸ்டர். சளி அடைத்து முகம் நீலமாகிவிட்டதாம். தரை துடைக்கிறவர் தற்செயலாக எட்டிப் பார்த்ததால் அந்தப் பெண்மணி பிழைத்தார். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் குரலில் இருந்த களைப்பு தன்னுடைய களைப்பைப் போலவே இருந்தது அவளுக்கு.

“பதினாலாம் ரூம் சாவி வேணும் சிஸ்டர்.”

பெரிய சிஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “விசாரணை முடியறவரைக்கும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றார். சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்தார்.

அறையில் கட்டில் இல்லை, எடுத்துப் போயிருந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. தரையில் கட்டிலின் நான்கு கால்கள் நின்ற தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அந்த அறைக்கு மின்சாரத்தையே துண்டித்திருந்தார்கள். ஆனாலும் சுவரில் பொத்தானுக்கு மேலிருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பெரிய சிஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள். நான்கு தடங்களுக்கு நடுவே நடக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

சிவப்பு போகவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினாள். கட்டைவிரல் வலிக்க அழுத்திப் பிடித்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. முழங்கால் உயரத்தில், கட்டில் இருந்திருந்தால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, அந்த விசில் மூச்சு வந்தது.

அவள் குனிந்தாள். வாசலில் நிற்பவருக்குக் கேட்காதபடி உதட்டை மட்டும் அசைத்தாள்.

“ஐயா, நான்தான் நிறுத்துனேன். தூங்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

மூச்சு ஒரு கணம் நின்றது.

பிறகு, முன்போலவே இழுத்து விட்டது. விளக்கு எரிந்தது.

செத்தவரிடம் ரகசியமாக மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. நடந்தது அவருக்குத் தெரியும். தெரிய வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள். அதில் ஒருவர் வாசலில் வீங்கிய காலோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பினாள்.

“சிஸ்டர், அன்னைக்கு பெல் அடிக்கல. சின்ன சிஸ்டர் சொல்றது உண்மை. உங்ககிட்ட சொல்லாம ஆப்பை நிறுத்துனது நான். நிறுத்திட்டு தூங்கிட்டேன். முப்பத்தேழு நிமிஷம். அந்தப் பதிவை அழிச்சது நான், அறிக்கையில பொய் எழுதுனதும் நான்தான்.”

நடையில் ஸ்பூன் சத்தம்கூட இல்லை. பெரிய சிஸ்டரின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் மெல்லச் சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

“அவ காதையே சந்தேகப்பட்டுட்டாளே மேடம்” என்றார்.

பிறகு, “எழுதிக் குடுங்க” என்றார்.

அவள் பின்னால் சிவப்பு விளக்கு அணைந்தது. அணைந்ததை அவள் பார்க்கவில்லை, பெரிய சிஸ்டரின் கண்ணாடியில் தெரிந்த சின்னச் சிவப்புப் புள்ளி போனதைத்தான் பார்த்தாள். அடுத்த நொடி நடையின் கோடியில் மணி அடித்தது. ஒன்று, அதன்மேல் இன்னொன்று, பிறகு வரிசையாக. நேற்றிலிருந்து காத்திருந்த அழைப்புகள் எல்லாம் ஒன்றாக வந்து திரையில் விழுந்துகொண்டிருந்தன. கீழே யாரும் ஆப்பைத் தொடங்கியிருக்கவில்லை, பிடுங்கிய கேபிளைச் செருகியிருக்கவும் இல்லை. பெரிய சிஸ்டர் செருப்பு சத்தம் போட ஓடினார், முதலில் ஆறாம் அறைக்கு.

அவள் நர்ஸுகளின் மேசையில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் இரண்டு தாள் நிறைய எழுதினாள். கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் போட்டாள். எழுதி முடித்தபோது பெரிய சிஸ்டர் அவள் முன்னால் ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணையில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கம்பெனியின் ஆள் அவளைத் தடுக்கப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சின்ன சிஸ்டர் எதிர் நாற்காலியில் இருந்தாள். கேட்டு முடித்ததும் அழவில்லை, திட்டவில்லை. இரண்டு கையாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். இவளைக் கம்பெனிக்கு வர வேண்டாம் என்று சொல்ல அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு மேலும் வரும், வழக்கு வரும், லாரிக்காரரின் மகன் வருவார். வரட்டும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மதியம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கணவன் விஷயத்தை முழுக்கக் கேட்டான். பிறகு அவள் ஃபோனை வாங்கி அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“போய்ப் படு. இனி யாரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க” என்றான். கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனான். அவன் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

அவள் ஒருக்களித்துப் படுத்தாள். ஜன்னலில் மழை வழிந்தது. நாற்பத்து நான்கு நாளில் முதல் தடவையாகக் கண் தானாகச் சொருகியது. உடம்பு ஒவ்வொரு இடமாகத் தளர்ந்தது, முதலில் தோள், அப்புறம் இடுப்பு, அப்புறம் கால்.

கால்மாட்டில் மெத்தை அழுந்தியது.

ஒருவர் மெல்ல வந்து உட்காரும்போது அழுந்துவதுபோல, முதலில் ஓரம், பிறகு முழுப் பாரமும்.

கணவன் அடுத்த அறையில் இருமினான்.

அறைக்குள் ஈரத் தார்ப்பாய் மணந்தது. மூச்சு இழுத்து விட்டது. நுனியில் அந்த விசில்.

எல்லாம் சொல்லியாயிற்று, எழுதிக் கொடுத்தாயிற்று, வேலையும் போயிற்று. இனி எதற்காக வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பயப்பட்டிருக்க வேண்டும். பயப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் இல்லை.

கண்ணைத் திறக்காமலே காலை மடக்கிக்கொண்டு, அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் படுத்தாள்.